அச்சின் பற்களை மாற்றினால் எடை வரம்பு மாறிவிடாது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் ட்ரெயிலர் இழுத்துக்கொண்டு வடக்கே போகிறவர்களுக்காகத் தங்கள் பத்திரிகையின் வாகனப் பக்கத்தில் சென்ற வாரம் வெளிவந்த ஆலோசனைகளில் பெரும்பாலானவை பயனுள்ளவை. பிறேக் விளக்குகளைச் சரிபார்ப்பது, ரயரின் காற்றை அளப்பது, பாதுகாப்புச் சங்கிலிகளைக் கொக்கிக்கு அடியில் குறுக்காக மாட்டுவது ஆகியவற்றைக் கட்டுரையாளர் நிதானமாக விளக்கியிருந்தார். ஆனால் அதே பக்கத்தின் அடியில், பிக்கப் வண்டியின் பின் அச்சு விகிதம் 3.21 ஆக இருந்தால் அதை 3.92 ஆக மாற்றிக்கொள்ளலாம், அப்படி மாற்றினால் மேலும் 3000 இறாத்தல் இழுக்கலாம் என்ற பொருளில் இரண்டு வரிகள் இருந்தன. அந்த இரண்டு வரிகளை நம்பி இறங்குகிறவர் இழக்கப்போவது காசை மட்டுமே என்று சொல்ல முடியாது என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் பதினெட்டு ஆண்டுகளாகத் தோட்டப் பராமரிப்பும் கல் பதிக்கும் வேலையும் ஒப்பந்தத்தில் செய்துவருபவன். ஏப்ரல் கடைசியிலிருந்து நவம்பர் வரை என் வண்டியின் பின்னால் ட்ரெயிலர் இல்லாத நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் மெக்கானிக் அல்லன். ஆனால் அச்சு விகிதத்தை ஒருமுறை மாற்றி, அந்த வேலை பிழைத்துப்போய், மீண்டும் காசு கொடுத்துத் திருத்தியவன். எனவே இதில் எது உண்மையான பயன், எது வெறும் நம்பிக்கை என்பதைக் கொஞ்சம் அறிவேன்.

விகிதம் என்பது என்ன என்பதைக் கட்டுரை சொல்லாமலே கடந்துவிட்டது. பின் அச்சின் நடுவில் பானைபோலப் புடைத்திருக்கும் பெட்டிக்குள் இரண்டு பற்சக்கரங்கள் இருக்கின்றன. எஞ்சின் பக்கத்திலிருந்து வரும் நீண்ட தண்டின் நுனியில் இருக்கும் சிறியது பினியன். அது சுழற்றுகிற பெரிய வளையத்தை மெக்கானிக்குகள் கிறவுண் என்பார்கள். கிறவுணில் 41 பற்களும் பினியனில் 12 பற்களும் இருந்தால், 41ஐ 12ஆல் வகுக்க 3.42 கிடைக்கிறது. அதாவது சில்லு ஒருமுறை சுற்றுவதற்குத் தண்டு 3.42 முறை சுற்றவேண்டும். பினியனில் 11 பற்கள் என்றால் அது 3.73, 10 பற்கள் என்றால் 4.10. எண் கூடக்கூட எஞ்சின் அதிகமாகச் சுற்றும், சில்லுக்குப் போய்ச்சேரும் முறுக்குவிசையும் அதே அளவில் கூடும், அதற்கு விலையாக வேகம் குறையும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். ஊரில் நாம் லாண்ட்மாஸ்டர் என்று அழைத்த இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை நினைத்துப் பாருங்கள். அதன் எஞ்சினின் வலு இன்றைய மோட்டார் சைக்கிளின் வலுவுக்கும் குறைவு. ஆனால் பெட்டி நிறைய நெல் மூடைகளையும் அவற்றின்மேல் நாலைந்து பேரையும் ஏற்றிக்கொண்டு அது அசராமல் போகும், நாம் நடந்துபோகிற வேகத்தில் போகும். பற்சக்கரம் வலுவை உண்டாக்குவதில்லை. இருக்கிற வலுவை வேகமாகக் கொடுப்பதா, விசையாகக் கொடுப்பதா என்று பங்கு பிரிக்கிறது, அவ்வளவுதான்.

என் வண்டி 2005ஆம் ஆண்டின் ஷெவ்ரொலே சில்வராடோ 1500. 5.3 லீற்றர் எஞ்சின், நான்கு கியர் கொண்ட தானியங்கிப் பெட்டி, நான்கு சில்லுக்கும் இழுவை, அச்சு விகிதம் 3.42. சிறிய மண்வெட்டி இயந்திரத்தையும் கல் பலகைகளையும் ஏற்றிய என் ட்ரெயிலரின் மொத்த எடை ஏறத்தாழ 5500 இறாத்தல்; வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட எடையைவிட அது குறைவு. ஸ்காபரோவுக்குள்ளும் 401ஆம் நெடுஞ்சாலையிலும் எந்தக் குறையும் இருக்கவில்லை. மஸ்கோகா ஏரிப் பக்கத்துக் கோடைகால வீடுகளில் வேலை கிடைக்கத் தொடங்கியபோதுதான், 11ஆம் நெடுஞ்சாலையில் ஹன்ட்ஸ்வில்லை நோக்கியும் அதற்கப்பால் 60ஆம் நெடுஞ்சாலையிலும் ஏறி இறங்கும்போது வண்டி தடுமாறுவதைக் கண்டேன். அங்குள்ள மேடுகள் ரொக்கி மலைகளைப்போல நீண்டவை அல்ல. குட்டையானவை, ஆனால் ஒன்று முடிய மற்றது தொடங்கிவிடும்.

அந்தத் தடுமாற்றத்தின் காரணத்தைக் கணக்குப் போட்டுத்தான் விளங்கிக்கொண்டேன். அந்த நான்கு கியர்ப் பெட்டியின் விகிதங்கள் 3.06, 1.63, 1.00, 0.70. என் ரயர்கள் ஏறத்தாழ 31.6 அங்குல விட்டம் கொண்டவை என்பதால், மணிக்கு 80 கிலோமீற்றரில் மூன்றாவது கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 1800 சுற்றுத்தான் சுற்றும். அந்தச் சுற்றில் பாரத்தோடு மேடேற எஞ்சினுக்கு வலு போதாது. பெட்டி இரண்டாவது கியருக்கு இறங்கினால் சுற்று ஒரே தாவலில் 2950க்கு ஏறிவிடும். எஞ்சின் அலறும், வேகம் கொஞ்சம் கூடும், உடனே பெட்டி மூன்றுக்குப் போகும், மறுபடியும் மூச்சுத் திணறும். ஒரே மேட்டில் நான்கு முறை இப்படி மாறியதை எண்ணியிருக்கிறேன். அந்தக் கோடையின் முடிவில் கியர்ப் பெட்டியின் ஒயிலைக் கழற்றியபோது அது சிவப்பாக இல்லை. தேயிலைச் சாயத்தின் நிறத்தில், கருகிய நாற்றத்தோடு இருந்தது.

விகிதத்தை 4.10 ஆக மாற்றிய பிறகு அதே 80 கிலோமீற்றரில் மூன்றாவது கியரின் சுற்று ஏறத்தாழ 2170 ஆனது. அந்த 370 சுற்று அற்பமாகத் தோன்றலாம். ஆனால் வண்டி மூன்றாவது கியரை விடாமல் பிடித்துக்கொண்டு மேடேற அதுவே போதுமானதாக இருந்தது. எனவே விகிதம் மாற்றுவது வீண் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு கியர்களுக்கு நடுவே பெரிய பள்ளம் இருக்கிற பழைய நான்கு கியர் வண்டியில், அனுமதிக்கப்பட்ட எடைக்குள் நின்று, மேடுபள்ளமான சாலையில் அடிக்கடி பாரம் இழுப்பவருக்கு அது பொருத்தமான மருந்து.

ஆனால் தங்கள் கட்டுரை பேசியது அந்த வண்டியைப் பற்றி அல்ல. 3.21, 3.92 என்ற இரண்டு எண்களும் ராம் 1500 வண்டிக்கு உரியவை. அந்த வண்டிக்கு 2013 முதல் எட்டு கியர் கொண்ட பெட்டி வருகிறது. அதன் முதல் கியர் 4.71, ஆறாவது 1.00, ஏழாவது 0.84, எட்டாவது 0.67. இப்போது கணக்கைப் பாருங்கள். 3.21 அச்சு கொண்ட வண்டி நூறு கிலோமீற்றர் வேகத்தில் ஏழாவது கியரில் போனால் எஞ்சின் ஏறத்தாழ 1765 சுற்றுச் சுற்றும். 3.92 அச்சு கொண்ட வண்டி அதே வேகத்தில் எட்டாவது கியரில் போனால் ஏறத்தாழ 1720. ஆயிரக்கணக்கான டொலர் கொடுத்து அச்சைப் பிரித்துப் பெறுகிற சுற்றை, ஸ்டியரிங் சில்லின் பக்கத்திலுள்ள பொத்தானை ஒருமுறை அழுத்தி எட்டாவது கியரைத் தடுத்துவிட்டுப் பெற்றுக்கொள்ளலாம். பாரம் இழுப்பதற்கான நிலையை இயக்கிவிட்டால் வண்டி பெரும்பாலும் தானே அதைச் செய்யும். ஃபோர்ட் எஃப்-150 வண்டியில் 2017 முதல் வரத்தொடங்கிய பத்து கியர்ப் பெட்டியில் கியர்கள் இன்னும் நெருக்கமானவை என்பதால் அங்கே இந்த வாதம் மேலும் வலுப்பெறுகிறது.

புதிய வண்டியில் 3.92 உண்மையாகவே வேறுபாடு காட்டுகிற இடம் ஒன்றுண்டு. அது முதல் கியர். அதற்குக் கீழே இறங்க வேறு கியர் இல்லாதபடியால், செங்குத்தான படகுத்துறையிலிருந்து ஈரமான படகை மேலே இழுக்கும்போதோ, சரிவில் நின்று புறப்படும்போதோ, 22 வீதம் கூடுதலான முறுக்குவிசையை வேறு வழியில் எளிதில் பெற முடியாது. இருந்தாலும் இன்னொரு கணக்கையும் சொல்லியாகவேண்டும். 4.71ஐ 3.21ஆல் பெருக்கினால் 15.1 வருகிறது. நான் காசு கொட்டி 4.10 ஆக்கிய என் பழைய வண்டியின் முதல் கியரில் அந்தப் பெருக்கம் வெறும் 12.5. அதாவது 'இழுக்காது' என்று இன்று குறைகூறப்படுகிற 3.21 வண்டி, புறப்படும் விசையில் என் 4.10 வண்டியைவிட முன்னுக்கு நிற்கிறது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

இனி அந்த 3000 இறாத்தலுக்கு வருகிறேன், ஏனென்றால் கட்டுரையின் ஆபத்தான பகுதி அதுதான். ராம் 1500இன் 5.7 லீற்றர் எஞ்சின் வண்டிகளில் 3.21க்கும் 3.92க்கும் இடையே நிறுவனத்தின் அட்டவணையில் ஏறத்தாழ 3000 இறாத்தல் வித்தியாசம் இருப்பது உண்மை. அந்த எண்கள், வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.ஈ. வகுத்த ஜே2807 என்ற சோதனை முறையின்படி கணிக்கப்படுகின்றன. டொயோட்டா அதை முதலில் ஏற்றுக்கொண்டது, அமெரிக்காவின் மூன்று பெரிய நிறுவனங்களும் 2015 அளவில் அரை தொன் எனப்படும் தங்கள் சாதாரண பிக்கப் வண்டிகளுக்கு ஏற்றுக்கொண்டன. அரிசோனா மாநிலத்தில் டேவிஸ் அணைக்கட்டிலிருந்து மேலேறும் 68ஆம் சாலையில், கொளுத்தும் வெயிலில், குளிரூட்டியை முழு அளவில் போட்டுக்கொண்டு, ஏறத்தாழ 18 கிலோமீற்றர் தூரத்தை மணிக்கு 64 கிலோமீற்றருக்குக் குறையாமல் பாரத்தோடு ஏறிக் காட்டுவது அதில் ஒரு பகுதி. 12 வீதச் சரிவில் நின்று, ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை முன்னோக்கியும், அதேபோலப் பின்னோக்கியும் புறப்பட்டுக் காட்டுவது இன்னொரு பகுதி. சரிவில் புறப்படுவது முதல் கியரின் வேலை என்பதால், விகிதம் குறைந்த வண்டி அங்கே பின்தங்குவதில் வியப்பில்லை.

ஆனால் அந்த எண் பற்சக்கரத்துக்குக் கொடுக்கப்பட்ட எண் அல்ல. எஞ்சின், குளிர்விப்பு, சட்டகம், அச்சு, பிறேக், கொக்கி ஆகிய அனைத்தையும் சேர்த்து, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலையிலுள்ள முழு வண்டிக்குக் கொடுக்கப்பட்ட எண் அது. கராஜில் கிறவுணையும் பினியனையும் மாற்றிய பிறகு, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் எடைத் தாளை எவரும் வந்து மாற்றி ஒட்டுவதில்லை. வண்டியின் மொத்த எடை வரம்பு, ஒவ்வோர் அச்சின் எடை வரம்பு, பயணிகளும் சாமான்களும் சேர்ந்து தாண்டக்கூடாத எடை ஆகியவை அப்படியே இருக்கின்றன. ரயர்கள் அதே ரயர்கள், ஸ்பிரிங்குகள் அதே ஸ்பிரிங்குகள். இறக்கத்தில் வண்டியை நிறுத்த வேண்டிய பிறேக்குகளும் அதே பிறேக்குகள்தான்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கதவுத் தூணில், பயணிகளும் சாமான்களும் சேர்ந்து 1450 இறாத்தலைத் தாண்டக்கூடாது என்று எழுதியிருக்கிறது என்று வையுங்கள். நான்கு கதவு கொண்ட வசதியான அரை தொன் பிக்கப்புகளில் இப்படியான எண்ணைக் காண்பது வழக்கம். பயண ட்ரெயிலரின் எடையில் 10 முதல் 15 வீதம் வரை கொக்கியின்மேல் இறங்கவேண்டும். அதற்குக் குறைந்தால் ட்ரெயிலர் பாம்புபோல நெளியத் தொடங்கும். 9000 இறாத்தல் ட்ரெயிலருக்கு 12 வீதம் என்று கொண்டால் 1080. 1450இல் மிஞ்சுவது 370 இறாத்தல். தகப்பன், தாய், இரண்டு பிள்ளைகள் ஏறினாலே அது தீர்ந்து எல்லை கடந்துவிடும். பின்பெட்டியில் வைக்கிற மின்பிறப்பாக்கி, குளிர்பெட்டி, பிள்ளைகளின் சைக்கிள்கள், கொத்து போடக் கொண்டுபோகிற இரும்புத் தட்டு இவற்றையெல்லாம் நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. அட்டவணை 11,000 இறாத்தல் என்று சொன்னாலும், பெரும்பாலான குடும்பங்களுக்குக் கதவுத் தூணிலுள்ள எண்தான் முதலில் குறுக்கே நிற்கும். அந்த எண்ணோடு 3.92க்கு எந்தத் தொடர்பும் இல்லை.

சந்தேகம் இருப்பவர்கள் 401ஆம் நெடுஞ்சாலையோரத்து லொறித் தரிப்பிடங்களில் சிறு கட்டணத்துக்கு எடை பார்த்துக்கொள்ளலாம். முன் அச்சு, பின் அச்சு, ட்ரெயிலர் அச்சு என மூன்று எண்களையும் தனித்தனியே அச்சடித்துத் தருவார்கள். நான் முதன்முறை எடை பார்த்தபோது, என் கணிப்பு 600 இறாத்தலால் பிழைத்திருந்தது. நனைந்த மண்ணின் எடையை நான் ஒருபோதும் நினைத்துப் பார்த்ததில்லை. ஒன்ராறியோவின் சாதாரண ஜி வகுப்பு உரிமத்தில் இழுக்கப்படும் வாகனம் 4600 கிலோவையும், இரண்டும் சேர்ந்த எடை 11,000 கிலோவையும் தாண்டக்கூடாது என்பதையும், 1360 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள ட்ரெயிலருக்குச் சொந்தமாகப் பிறேக் இருக்கவேண்டும் என்பதையும் கட்டுரை ஒரு வரியில் சேர்த்திருக்கலாம்.

புதிய வண்டியிலும் விகிதம் மாற்றுவதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. அது பெரிய ரயர். தோற்றத்துக்காக 35 அங்குல ரயர் பூட்டுகிற இளைஞர்கள், அதனால் அச்சு விகிதம் மறைமுகமாக மாறிவிடுவதை அறிவதில்லை. 31.6 அங்குல ரயரோடு 3.55 ஆக இருந்த வண்டி, 35 அங்குல ரயர் பூட்டியதும் 3.2 கொண்ட வண்டியைப்போல நடந்துகொள்ளும். அவர்கள் 4.10 போட்டால் அது பழைய நிலைக்குக் கொஞ்சம் மேலே, 3.7க்கு நிகராகத் திரும்பும். இழந்ததை மீட்பது என்பதுதான் அதற்குப் பெயர். பாரம் இழுக்கிற எண்ணம் இருந்தால் பழைய அளவு ரயரையே திரும்பப் பூட்டுவது மலிவு என்று நான் சொன்னால் என் மகனே கேட்பதில்லை.

இந்த வேலையின் நுட்பத்தைப் பற்றியும் எழுதவேண்டும், ஏனென்றால் கட்டுரை இதை ரயர் மாற்றுவதுபோல எளிதாகக் காட்டியிருந்தது. நான் முதலில் போன கராஜ் எது என்பது இங்கே முக்கியம் அல்ல. விலை குறைவாகச் சொன்னார்கள், ஒரே நாளில் தருவதாகவும் சொன்னார்கள். வண்டியை எடுத்து முந்நூறு கிலோமீற்றர் ஓடுவதற்குள், மணிக்கு எண்பதில் அக்ஸிலரேற்றரிலிருந்து காலை எடுத்தவுடன் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வரத் தொடங்கியது. காலை வைத்தால் நிற்கும், எடுத்தால் வரும். புதிய பற்சக்கரம் பழகுகிறது என்றார்கள். ஆயிரம் கிலோமீற்றரிலும் அது பழகவில்லை.

அச்சு வேலை மட்டுமே செய்கிற வேறொருவரிடம் கொண்டுபோனேன். முதியவர், அதிகம் கதைக்காதவர். மூடியைக் கழற்றி ஒயிலை வடித்ததும், உள்ளே இருந்த காந்தத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சாம்பல் நிறத்தில் பசைபோல இரும்புத் தூள் ஒட்டியிருந்தது. விரலால் தேய்த்தபோது நரநரவென்றது. பிறகு மஞ்சள் நிறக் குழம்பு ஒன்றைத் தூரிகையால் கிறவுணின் ஐந்தாறு பற்களில் பூசி, சில்லை இருபுறமும் சுற்றிவிட்டு, கைவிளக்கைப் பிடித்துக் காட்டினார். பினியன் உரசிய இடத்தில் மஞ்சள் விலகி ஒரு தடம் தெரிந்தது. அந்தத் தடம் பல்லின் நடுவில் விழவேண்டும். என் வண்டியில் அது பல்லின் உள்விளிம்பில் நகக்கீறல்போல ஒடுங்கி விழுந்திருந்தது. பாரம் முழுவதையும் பல்லின் நுனி தாங்கியிருக்கிறது.

பினியன் எவ்வளவு ஆழத்தில் நிற்கவேண்டும் என்பதைக் காகிதம்போன்ற ஷிம் தகடுகளால் தீர்மானிக்கிறார்கள். இரண்டு பற்சக்கரங்களுக்கும் இடையே விடவேண்டிய தளர்வு பெரும்பாலும் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 6 முதல் 10 பங்கு வரை. இரண்டு மூன்று தலைமுடிகளின் தடிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அதை டயல் கேஜ் இல்லாமல் கையால் ஆட்டிப் பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது. பினியனின் பேரிங்குகளுக்கு இடையே ஓர் இரும்புக் குழல் இருக்கும்; கிறஷ் சிலீவ் என்பார்கள். நட்டை இறுக்க இறுக்க அது நசுங்கிக் கொடுத்து, பேரிங்குக்குச் சரியான இறுக்கத்தைத் தரும். அது நசுங்கத் தொடங்குவதற்கே 300 அடி-இறாத்தலும் அதற்கு மேலும் விசை தேவைப்படலாம். தொடங்கிவிட்டாலோ நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் பினியன் எவ்வளவு கனமாகச் சுற்றுகிறது என்று அளக்கவேண்டும். அளவு மீறி இறுக்கிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது. நசுங்கிய குழல் விரிவதில்லை, புதிய குழல் போட்டுத் தொடக்கத்திலிருந்து செய்யவேண்டும். என் வண்டியில் முன்பு வேலை செய்தவர் இறுக்கிவிட்டுத் தளர்த்தியிருக்கிறார். பினியனின் முனையைப் பிடித்து ஆட்டியபோது அது ஆடியது, எனக்கே தெரிந்தது. அந்தக் கிறவுணும் பினியனும் பழைய இரும்புக்குப் போயின. முதல் கராஜ் பாதிக் காசைத் திருப்பித் தந்தது. மீதிக்காக நான் அலையவில்லை.

நான்கு சில்லுக்கும் இழுவை உள்ள வண்டியில் செலவு இரட்டிப்பாகும் என்பதும் கட்டுரையில் இல்லை. பின் அச்சை 4.10 ஆக்கிவிட்டு முன் அச்சை 3.42 ஆகவே விட்டால், கோடையில் எதுவும் தெரியாது. நவம்பரில் முதல் பனி விழுந்து, நான்கு சில்லு இழுவையைப் போட்டவுடன், முன் தண்டும் பின் தண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற முயன்று ஒன்றையொன்று முறுக்கும். ஈரமில்லாத தரையாக இருந்தால் இடையிலுள்ள பகிர்வுப் பெட்டி உடையக்கூடும். முன் அச்சைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காசு மிச்சம் பிடிக்க இங்கே வழியில்லை. சில அச்சுகளில் பற்சக்கரத்தோடு அதைத் தாங்கும் கூட்டையும் சேர்த்து மாற்றவேண்டும். டேனா 44 என்ற வகை அச்சில் 3.73 வரை ஒரு கூடு, 3.92இலிருந்து வேறு கூடு.

வேகமானியும் பொய் சொல்லத் தொடங்கும். 3.42இலிருந்து 4.10க்குப் போன என் வண்டியில், கணினியில் புதிய எண்ணைப் பதியும்வரை, உண்மையில் நூறில் போகும்போது வேகமானி 120 காட்டியது. ஓடிய தூரமும் அதே அளவில் கூடிக் கூடிப் பதிவானது. தானியங்கிப் பெட்டி கியர் மாற்றும் நேரங்களையும் அதே கணினிதான் முடிவு செய்கிறது என்பதால், இதைப் பதியாமல் விட்டால் மாற்றியதன் பயன் பாதி போய்விடும். வேலை முடிந்தவுடன் ட்ரெயிலரைப் பூட்டிக்கொண்டு கிளம்பவும் முடியாது. முதலில் இருபத்தைந்து முப்பது கிலோமீற்றர் மெதுவாக ஓட்டி, அரை மணி நேரம் ஆறவிட்டு, பிறகு 800 கிலோமீற்றர் வரை பாரம் இழுக்காமல் ஓட்டி, ஒயிலை மாற்றவேண்டும் என்று அந்த முதியவர் கண்டிப்பாகச் சொல்லியனுப்பினார். பூங்காவில் இடம் பதிவுசெய்துவிட்டு, புறப்படுவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை அச்சு மாற்ற நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

வண்டி இன்னும் வாங்காதவர்களுக்குத்தான் உண்மையில் வாய்ப்பு அதிகம். தொழிற்சாலையில் தெரிவுசெய்யும்போது விகிதத்துக்கான மேலதிகக் கட்டணம், பிறகு கராஜில் கொடுக்கிற காசோடு ஒப்பிட்டால் சிறியது. எடைத் தாளும் அட்டவணையும் அந்த விகிதத்துக்கு உரியவையாகவே கையில் வரும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பத் தேவையில்லை. ஷெவ்ரொலேயைத் தயாரிக்கும் ஜி.எம். நிறுவனத்தின் பழைய வண்டிகளில், முன்னிருக்கைக்கு எதிரேயுள்ள சிறு சாமான் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் குறியீட்டுத் தாளில் ஜி.யு.6 என்றிருந்தால் 3.42, ஜி.டி.4 என்றால் 3.73, ஜி.டி.5 என்றால் 4.10. ஃபோர்ட் வண்டிகளில் கதவுத் தூணிலுள்ள தாளில் அச்சு என்ற சொல்லுக்குக் கீழே எழுத்தோ எண்ணோ சேர்ந்த இரண்டு இடக் குறியீடு ஒன்று இருக்கும். தாள் கிழிந்துபோயிருந்தால், பின்பக்கத்தைப் பாதுகாப்பாக உயர்த்தி, தண்டில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, ஒரு சில்லை ஒருவர் அசையாமல் பிடித்திருக்க மற்றச் சில்லைச் சரியாக இரண்டு முறை சுற்றினால், தண்டு எத்தனை முறை சுற்றுகிறதோ அதுவே விகிதம். மூன்றேமுக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு என்றால் 3.73. இரண்டு சில்லுகளும் ஒரே திசையில் சேர்ந்து சுற்றுகிற பூட்டு வகை அச்சாக இருந்தால் ஒருமுறை சுற்றினால் போதும்.

எனவே அந்த இரண்டு வரிகளுக்குத் திருத்தம் ஒன்றை, மே மாத நீண்ட வார இறுதிக்கு முந்திய இதழிலேயே வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். விகிதத்தை மாற்றினால் மேடேறுவது எளிதாகலாம், ஆனால் கதவுத் தூணிலுள்ள எடையும் நிறுவனம் அந்த வண்டிக்குக் கொடுத்த இழுவை வரம்பும் மாறமாட்டா என்று எழுதினால் போதும். நிறுவனத்தின் இழுவை அட்டவணையையும் அதோடு அச்சிடுவதாக இருந்தால், ஒவ்வொரு விகிதத்துக்கும் எதிரே அந்த வண்டி எத்தனை கியர்ப் பெட்டியோடு வந்தது என்ற ஒரு பத்தியையும் சேர்த்துவிடுங்கள்.

இங்ஙனம்,
தோட்டப் பராமரிப்பு ஒப்பந்தக்காரர் ஒருவர்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ.